ஏற்காட்டுல அவசரமில்லாம உட்கார்ந்து காபி குடிக்க இடம் சொல்லுங்க (பாயிண்ட் பார்க்க இல்ல)

அம்மாப்பேட்டை_மகள்

வணக்கங்க. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. பொங்கல் கூட்டம் ஓஞ்சதும் ஒரு புதன்கிழமை ரெண்டு பேரையும் கார்ல ஏற்காடு கூட்டிட்டுப் போகணும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, அண்ணா பூங்கா எல்லாம் கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து பார்த்தாச்சு. வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் நாமதானே கூட்டிட்டுப் போறோம். இந்தத் தடவை எதையும் பார்க்க வேண்டாம். காலையில ஏறணும், ரெண்டு மூணு இடத்துல உட்காரணும், காபி, கடிக்க ஏதாவது, பேச்சு, சாயந்திரம் இறங்கணும். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முட்டி வலி. சாய்மானம் உள்ள நாற்காலி வேணும், உட்கார்ற மாதிரி டாய்லெட் வேணும். அப்பா சேலம் இரும்பாலையில நாணய வில்லை (முத்திரை அடிக்கிறதுக்கு முந்தின வெறும் காசுத் தகடு) வெட்டுற லைன்ல இருந்து ரிட்டையர் ஆனவர். காபி வந்ததும் டம்ளரைத் தலைக்கு மேல தூக்கி அடியில என்ன முத்திரைன்னு பார்த்துட்டுத்தான் வாய் வைப்பார். பேப்பர் கப்புல குடுத்தா அன்னிக்கு நாளே போச்சு. இன்னொண்ணு, பாதி குடிக்கும்போதே பில்லைக் கொண்டாந்து வைக்கிற கடை வேண்டாம்.

இருபதாவது_வளைவு

ஏரிக்கரை. மிளகாய் பஜ்ஜி. இதுல யோசிக்க என்ன இருக்கு?

அம்மாப்பேட்டை_மகள்

அண்ணா, அங்க நின்னுக்கிட்டுத் தின்னணும். முட்டி வலின்னு எழுதியிருக்கேனே.

இருபதாவது_வளைவு

கார்ல உட்கார்ந்து தின்னலாம்ல.

டபராசெட்

அம்மா, பெரியவங்களோட போறதுன்னா முதல்ல வழிய முடிவு பண்ணிக்குங்க. கோரிமேடு, அடிவாரம் வழியா போனா 20 கொண்டை ஊசி வளைவு. குப்பனூர், கொட்டச்சேடு வழி சுத்து, ஆனா வண்டி கம்மி. கோடை விழா சமயத்துல ஏற ஒண்ணு, இறங்க ஒண்ணுன்னு போலீஸே பிரிச்சு விடுவாங்க. புதன்கிழமைக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் எப்பவும் ஏறுறது அடிவாரம் வழிதான். போற வழியில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு (ரோட்டு வளைவு இல்ல, பழைய வாசல் ஆர்ச்) வரும். அங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க, அடிவாரம் வரைக்கும் அவரே பேசுவார். 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டூடியோ. இத்தனை படம் எடுத்த இடத்துல ரோட்டோரம் நிக்கிறது அந்த வளைவுதான்.

இனி விஷயத்துக்கு வரேன். என் கணக்கு என்னன்னா, டீயை அடிவாரத்துலயே முடிச்சிடணும், மேல போனா காபி மட்டும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்க தண்ணி ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. டீத்தூள் கொதிக்கக் கொதிக்க இருக்கிற தண்ணியைக் கேட்கும், அந்த அஞ்சு டிகிரி குறைஞ்சா சாறு சரியா இறங்காது. காபி அப்படி இல்லை. ஃபில்டருக்கு 92லிருந்து 96 வரைக்கும் இருந்தா அதுவே சரியான பக்குவம். மலை காபிக்கு வாகு. டீக்கு வாகில்லை.

அஞ்சு_ரோடு

டபராசெட் சார், 95 டிகிரி சரி. ஆனா நம்ம ஊர் டீக்கடையில யாருங்க கப்புல தூளை ஊறவச்சுக் குடுக்குறாங்க? துணிப் பையில தூளைப் போட்டு பாய்லர் சூட்டுலயே மணிக்கணக்கா வச்சிருக்காங்க. அஞ்சு டிகிரி போனதை அந்த ரெண்டு மணி நேரம் ஈடு கட்டிடும். மேல டீ சப்புன்னு இருந்தா மாஸ்டர் தூளை மிச்சம் பிடிக்கிறார்னு அர்த்தம். மலை மேல பழியைப் போடாதீங்க.

டபராசெட்

பாதி ஒத்துக்குறேன். ரெண்டு மணி நேரம் கொதிச்ச பையில வர்றது டீ இல்லை, கஷாயம். காலையில மாத்தின முதல் பையில வாங்கிக் குடிச்சுப் பாருங்க. கீழயும் மேலயும் ஒரே நாள்ல. அப்புறம் பேசுவோம்.

மலைக்காட்டான்

நாகலூர் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் காபி. சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. ஒரு விஷயம் சொல்லிடறேன், மனசு உடையாதீங்க. ஏற்காட்டுல குடிக்கிற காபி எல்லாம் ஏற்காட்டுல வெளஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். இங்க 1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கிரேஞ்ச் எஸ்டேட்ல காபி போட்டதுல இருந்து காபி இருக்கு. ஆனா எங்களை மாதிரி சின்ன ஆளுங்க பழத்தைக் காய வச்சு மூட்டை கட்டி வியாபாரிகிட்ட குடுத்துடுவோம். தோல் உரிச்சு, தரம் பிரிச்சு, வறுத்து, அரைக்கிறது எல்லாம் கீழ எங்கேயோ. அதே கொட்டை சிக்கரி சேர்ந்து பாக்கெட்டா மறுபடி மலை ஏறி வந்தாலும் வரும். எங்களுக்கே தெரியாது.

சிக்கரி கெட்டதுன்னு சொல்லலை. நிறமும் கெட்டியும் அதுதான் குடுக்குது. சிக்கரி போடாத காபியை எங்கப்பாகிட்ட குடுத்தேன், "வெந்நீர் நல்லா இருக்கு"ன்னார். ஆனா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் போகலாம், அளவை அச்சடிச்சிருக்கணும், அதுதான் சட்டம். பாதிக்குப் பாதி வேரைப் போட்டு காபின்னு விக்கலாம்.

நீங்க வர்றது நல்ல சமயம். ஜனவரியில கடைசிப் பறிப்பு நடந்துக்கிட்டு இருக்கும், களத்துல பழம் காயும். மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை பெஞ்சு பத்து நாள்ல மொத்தத் தோட்டமும் வெள்ளையா பூக்கும். ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், மல்லிகை மாதிரி வாசம். ஆனா அந்த நாளை முன்னாடியே சொல்ல முடியாது, லீவு போட்டு வர்ற விஷயம் இல்லை அது.

ஒண்டிக்கடை ரவுண்டானாவுல நிக்காம ஏரியைத் தாண்டி லூப் ரோட்டுல வாங்க. சுத்தி வர 32 கிலோமீட்டர். ஊர் ஊருக்கு ஒரு கடை இருக்கும், ரெண்டு பெஞ்சு, ஒரு கண்ணாடி ஜாடி, அதுல தேங்கா பன்னு. கடைக்காரங்ககிட்ட "வீட்டுக்கு வறுத்த தூள் இருக்கா"ன்னு கேளுங்க. இருந்தா தருவாங்க. இல்லைன்னாலும் கோவிச்சுக்க மாட்டாங்க.

குகை_வாசி

எங்க வேணா போங்க, இந்தக் கண்ணாடிச் சுவர் வச்ச புதுமாதிரி காபிக் கடை இருக்கே, அந்தக் கண்ணாடிக் கடைக்கு மட்டும் போகாதீங்க. போன மாசம் மேல ஒரு புதுக் கடை. பேர் வேண்டாம். மெனு கிடையாது, மேஜையில ஒட்டியிருக்கிற கட்டத்தைப் போன்ல படம் பிடிச்சாத்தான் விலை தெரியும். அந்த இடத்துல சிக்னல் இல்லை. ஃபில்டர் காபி கேட்டேன். "அது இல்ல சார், போர் ஓவர் இருக்கு." 220 ரூபா. ஒரு தம்பி கூம்புல தாளைச் சொருகி, தூளைத் தராசுல நிறுத்து, நூல் பிடிச்ச மாதிரி தண்ணி ஊத்தினான். நகைக்கடையில பொட்டுத் தங்கத்தை நிறுக்கிற மாதிரி இருந்துச்சு. வந்தது கறுப்புத் தண்ணி. பால் கேட்டேன். பெத்த பிள்ளையைத் தத்து கேட்ட மாதிரி பார்த்தான்.

அதையெல்லாம் விடுங்க. ஸ்டூல் என் இடுப்பு உயரம். மாமியாரால ஏறவே முடியலை. மூணு மணி நேரம் மலை ஏறி வந்தவங்க கார்லயே உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்னாங்க.

அஞ்சு_ரோடு

சேலத்துல இருந்து மூணு மணி நேரமா?

குகை_வாசி

ஞாயித்துக்கிழமைங்க. வளைவு வளைவா நின்னு நின்னு போனோம்.

நுரை

குகை அண்ணா, நான் அந்த மாதிரி ஒரு கடையிலதான் வேலை பார்க்கிறேன். உங்களுக்கு ஊத்தினது நானான்னு தெரியலை, நானா இருந்தா மன்னிச்சுக்குங்க. பால் கேட்டா அப்படிப் பார்க்கக் கூடாதுதான்.

எங்க பக்கத்தையும் சொல்றேன். அந்த 220 ரூபா கொட்டை இந்த மலையிலயே வாங்கினது, மலைக்காட்டான் அண்ணன் சொன்ன மாதிரி கீழ இறங்கி ஏறி வந்தது இல்லை. பழுத்த பழமா பார்த்துப் பறிச்சுத் தரச் சொல்லி, வியாபாரி விலையை விடக் கூடக் குடுத்து வாங்குறோம். பால் ஊத்தினா அந்தப் பழ வாசம் அடங்கிடும், அதான் தயங்குறது. வியாபாரம் சனி ஞாயிறு ரெண்டே நாள்தான். வாடகை ஏழு நாளைக்கும்.

அக்கா, நீங்க புதன்கிழமை வர்றீங்க. அன்னிக்கு மதியம் வரைக்கும் எங்க கடையில ஈ கூட இருக்காது, நாங்களே பேச ஆள் தேடிக்கிட்டு இருப்போம். ஸ்டூல் எல்லாம் ஜன்னல் ஓரம், போட்டோ எடுக்கிறவங்களுக்கு. உள்ளே நல்ல நாற்காலி கிடக்கும். கேட்காம இருந்துடாதீங்க. டாய்லெட்ல எங்களை எந்தப் பெஞ்சுக் கடையும் ஜெயிக்க முடியாது, அதை மட்டும் அடிச்சுச் சொல்லுவேன்.

மேட்டூர்_மீன்

எதுக்கு மலை? மேட்டூர் வாங்க. 1934ல கட்டி முடிச்ச அணை, எதிர்ல சுடச்சுட மீன் வறுவல். வளைவே கிடையாது.

அம்மாப்பேட்டை_மகள்

அம்மா சைவம்ங்க.

மேட்டூர்_மீன்

அப்ப அம்மாவுக்கு அணை, அப்பாவுக்கு மீன்.

மட்டுறுத்துநர்

மீனுக்குத் தனி இழை இருக்கு. அங்க போங்க.

டெவன்_தமிழன்

நான் சூரமங்கலம். இப்ப ஏழு வருஷமா இங்கிலாந்துல டெவன். இழையைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இங்க ஞாயித்துக்கிழமை ஆனா பெரியவங்க செய்யறது நீங்க கேட்கிற அதே வேலைதான். கார் எடுத்துக்கிட்டு ஏதாவது கிராமத்து டீ ரூம். பழைய வீட்டு முன்னறையில நாலு மேஜை, பூப்போட்ட விரிப்பு. ஸ்கோன்னு ஒரு பன்னு, நம்ம பன்னு மாதிரி பொசுபொசுன்னு இருக்காது, உதிரும். அதைக் குறுக்கே பிளந்து கிளாட்டட் கிரீமும் ஜாமும் தடவித் திங்கணும். கிரீம்னா பாயசத்துக்கு ஊத்துற மாதிரி இல்லை. பாலாடையை மெதுவா காய்ச்சி ஆற வச்சு வழிச்சது, கரண்டி நிக்கும். டெவன்ல கிரீம் முதல்ல, அதுக்கு மேல ஜாம். பக்கத்துல கார்ன்வால்ல ஜாம் முதல்ல, மேல கிரீம். இதுக்கு இங்க நடக்கிற சண்டையைப் பார்த்தா நம்ம ஊர்ல சாம்பாரா ரசமா முதல்லன்னு கட்சி கட்டுற மாதிரி இருக்கும்.

ஆனா நான் சொல்ல வந்தது வெந்நீர் ஜக். டீ ஒரு மூக்குக் கெண்டியில வரும், ரெண்டு கப் அளவு. நல்ல கடையா இருந்தா கூடவே ஒரு சின்ன ஜக்குல வெந்நீரும் வைப்பாங்க. டீ தீர்ந்ததும் அதை ஊத்தி மறுபடி ஊற வச்சுக்கலாம், கேட்க வேண்டியதில்லை, காசும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருங்கன்னு வாயால சொல்லாம சொல்றது அது. நம்ம ஊர்ல கெண்டியும் இல்லை, ஜக்கும் இல்லை, டம்ளர் காலியானா எழுந்திரிச்சாகணும். அக்காவோட கேள்வியே அங்கதான் வருது.

செவ்வாப்பேட்டை_அத்தை

டம்ளர் காலியானா இன்னொண்ணு சொல்லு தம்பி. 20 ரூபாதானே. இதுக்கு இங்கிலாந்து வரைக்கும் எதுக்குப் போற?

அம்மாப்பேட்டை கண்ணு, காலையில அம்மாவுக்கு ரெண்டு இட்லிக்கு மேல குடுக்காத. எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம். வளைவுல புரட்டும். கையில இஞ்சி மரப்பா வச்சுக்க. உன் வீட்டு டம்ளர் ரெண்டு எடுத்துட்டுப் போயிடு, எந்தக் கடையானாலும் இதுல ஊத்துங்கன்னு நீட்டு, அப்பா பிரச்சினை தீர்ந்துச்சு. பெஞ்சுக்கு ஒரு தலையணை.

இறங்கி வந்ததும் நேரா வீட்டுக்குப் போகாத. தட்டுவடை செட் வாங்கிக் குடு. மலையில நாள் முழுக்க இனிப்புக் காபியா குடிச்ச வாய்க்கு காரம் கேட்கும். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு, கேரட்டுத் துருவல், வெங்காயம், செவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. பல்லு சரியில்லைன்னா நொறுக்கலா வாங்கு, அவங்களே உடைச்சுத் தருவாங்க.

அம்மாப்பேட்டை_மகள்

போயிட்டு வந்துட்டோம். கேட்டுட்டுப் பதில் போடாம ஓடிப் போறவ இல்ல நான், அதனால நீளமா எழுதுறேன்.

காலையில 8 மணிக்குக் கிளம்பினோம். டபராசெட் சார் சொன்ன மாதிரி அடிவாரத்துல டீ. முதல் பையான்னு கேட்டேன், மாஸ்டர் மொறைச்சார். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுல அப்பாகிட்ட பேச்சுக் குடுத்தேன். "ஆமா"ன்னார். அவ்வளவுதான். எங்கப்பா அப்படி. 60 அடி பாலத்துக்கிட்ட அம்மாவுக்குப் புரட்டுச்சு, வண்டியை ஓரம் கட்டினேன். கண்ணாடியை இறக்கினதும் குரங்கு கையை உள்ளே விட்டு இஞ்சி மரப்பா பொட்டலத்தை எடுத்துட்டுப் போச்சு. ஒண்ணை வாயில போட்டு, துப்பிட்டு, மீதியையும் குடுக்கலை. அம்மா சிரிச்ச சிரிப்புல புரட்டல் நின்னுடுச்சு.

முதல்ல ஒரு கண்ணாடிக் கடைக்குத்தான் போனோம், டாய்லெட்டுக்காக. நுரை தம்பி சொன்னது நிஜம், எங்களைத் தவிர யாரும் இல்லை. நாற்காலி கேட்டேன், உள்ளேயிருந்து பிரம்பு நாற்காலி ரெண்டு தூக்கிட்டு வந்தாங்க. அப்பாவுக்கு அந்தக் கூம்புக் காபியே சொன்னேன், வீட்டு டம்ளரை நீட்டினேன். அந்தப் பையன் டம்ளரையும் தராசுல வச்சு எடையைக் கழிச்சான். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. காபி பிடிக்கலை, ஆனா "வேலை சுத்தம்"னார். எங்க வீட்ல அது பெரிய சர்ட்டிபிகேட்டு. பால் தனியா ஒரு கிண்ணத்துல கேட்காமலே வந்துச்சு. ஒரு மணி நேரம் இருந்தோம். யாரும் ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் லூப் ரோடு. நாலஞ்சு கடையைத் தாண்டி, களத்துல காபிப் பழம் காயப் போட்டிருந்த ஒரு வீட்டை ஒட்டின கடை. பெஞ்சுதான், சாய்மானம் இல்லை. கடைக்கார அக்கா அம்மா நடக்கிறதைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ள போய் கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி கொண்டாந்தாங்க. வீட்டுக்கு வறுத்த தூள் கேட்டேன். "இருக்கு, ஆனா கொஞ்சம் கரிஞ்சு போச்சு, பரவாயில்லையா?"ன்னாங்க. பரவாயில்லைன்னோம். கொஞ்சம் கசந்துச்சு. டம்ளரோட அடியில முத்திரையே இல்லை, அப்பா ஒண்ணும் சொல்லாம குடிச்சார்.

அந்த வீட்டுத் தாத்தா களத்துல பழத்தைக் கிளறிக்கிட்டு இருந்தார். அப்பா எழுந்து போய்ப் பக்கத்துல நின்னார். தாத்தா கறுத்துப் போன பழம் ஒரு கை அள்ளி அப்பா காதுகிட்ட கொண்டுபோய்க் குலுக்கினார். உள்ளே கொட்டை தனியா ஆடுற சத்தம் வந்தா காஞ்சுடுச்சாம். வேற ஓரத்துல இருந்து இன்னொரு கை. அதுல சத்தம் இல்லை, இன்னும் நாலு நாள் ஆகும். அப்பா தானே அள்ளிக் குலுக்க ஆரம்பிச்சார். "இது ஆயிடுச்சு. இது ஆகலை." வில்லையைத் தட்டிப் பார்த்து விரிசல் இருக்கான்னு சொல்லுவோம், அதே மாதிரின்னு தாத்தாகிட்ட சொல்றார். அப்புறம் லைனைப் பத்தி, ஷிப்ட்டைப் பத்தி, நைட் ஷிப்ட்டுல வர்ற கேன்டீன் டீயைப் பத்தி. நான் பொறந்ததுல இருந்து கேட்காத கதை. அம்மா நாற்காலியில சாஞ்சு தூங்கிட்டாங்க. ரெண்டரை மணி நேரம். ஆளுக்கு மூணு காபி, தேங்கா பன்னு. எவ்வளவுன்னு கேட்டப்ப, "நான் எங்க எண்ணினேன், நீங்களே சொல்லுங்க"ன்னாங்க அந்த அக்கா. டாய்லெட் வீட்டுக்குள்ள. உட்கார்ற மாதிரி இல்லை, நான் பிடிச்சுக்கிட்டேன்.

இறங்கினது குப்பனூர் வழி. தட்டுவடை செட்டும் ஆச்சு அத்தை, அம்மாவுக்கு நொறுக்கல்.

டபராசெட்

அந்தக் கடை எந்த ஊர்ல இருக்குன்னு சொல்லுங்கம்மா. மேப்புல பின் போட்டாலும் சரி.

அம்மாப்பேட்டை_மகள்

போட மாட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க. அங்க இருக்கிறது ஒரே ஒரு நாற்காலி. தனியாக் கேளுங்க, சொல்றேன். புதன்கிழமை போறதா இருந்தா.

குகை_வாசி

இது அநியாயம். கண்ணாடிக் கடைக்கு வழி சொல்லுவீங்க, இதுக்குச் சொல்ல மாட்டீங்க.

மலைக்காட்டான்

எனக்குத் தெரியும் எந்த வீடுன்னு. நானும் சொல்ல மாட்டேன். தாத்தா மறுநாள் என்கிட்ட, "ஒரு இரும்பாலைக்காரர் வந்தார், பாதிக் களத்தைக் குலுக்கிட்டுப் போயிட்டார்"ன்னு சொன்னார்.

இருபதாவது_வளைவு

எல்லாம் சரி. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டீங்களா இல்லையா?

அம்மாப்பேட்டை_மகள்

நாலு தட்டு. அம்மா கார்ல, நானும் அப்பாவும் நின்னுக்கிட்டு.